பாயில் உட்கார்ந்து அளந்த சுவர்

"எந்த எடத்துல மாட்டணும், சொல்லுங்கண்ணா" என்று கேட்டபடியே, டிவி மாட்ட வந்த தம்பி டிரில்லிங் மிஷினை எடுத்துப் பிளக்கில் சொருகிவிட்டார்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீடு. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் என் தம்பி, தவணையில் ஒரு 43 அங்குல டிவி எடுத்திருந்தான். மாட்ட வந்தவருக்கு அன்று இன்னும் ஆறு வீடு பாக்கி. ஹாலில் நான், தம்பி, தம்பி மனைவி மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். மூன்று பேரும் கை நீட்டிக் காட்டியது ஒரே இடத்தைத்தான். சுவரின் நட்டநடுவில், ஐந்தரை அடி உயரத்தில், எங்கள் கண்ணுக்குச் சற்று மேலே.

அம்மா வாசல் பக்கம் பாயில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தார்.

"அவ்ளோ ஒசரத்துல வெச்சிட்டா நான் எப்படிப்பா பாக்கறது? எனக்குக் கழுத்து வருமா?"

மிஷின் நின்றது. அந்த ஹாலில் தினமும் டிவி பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். தம்பி மாதத்துக்கு ஒருமுறை வருவான். நான் வந்தால் செல்போனைத்தான் பார்ப்பேன். ஆனால் உயரத்தை முடிவு செய்தவர்கள் நாங்கள். மாட்ட வந்தவரிடம், இன்னொரு நாள் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். முதல் தடவை மாட்டுவதுதான் இலவசம், அடுத்த தடவை வந்தால் காசு என்று அவர் நியாயமாகவே சொல்லிவிட்டுப் போனார். டிவி பெட்டி அட்டையோடு மூலையில் நின்றது.

அதன் பிறகு தர்மபுரி மாவட்டத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் டிவி இருக்கும் இடத்துக்குத்தான் போயிற்று. நல்லம்பள்ளி, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று சுற்றியதில், எலெக்ட்ரீஷியன்களோடும் மேஸ்திரிகளோடும் பேசியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். டிவியைச் சுவரில் மாட்டலாமா, மேஜையில் வைக்கலாமா என்பது சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, அந்தச் சுவர் எதனால் கட்டியது, அதன் முன்னால் யார் உட்காருகிறார்கள் என்று இரண்டையும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

பூட்டுப் போட்ட பெட்டியிலிருந்து சுவருக்கு

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு டிவி வந்துசேர அதற்கப்புறம் வெகுகாலம் ஆனது. என் வயதுக்காரர்களுக்கு முதல் டிவி என்றால் பஞ்சாயத்து டிவிதான். சின்னதாக ஒரு காரை அறை, அதற்குள் ஆள் உயரத்தில் ஒரு மேடை, மேடையில் கதவும் பூட்டும் போட்ட பெட்டி, பெட்டிக்குள் டிவி. சாயந்தரம் ஒருவர் வந்து பூட்டைத் திறப்பார். ஊர் முழுக்கத் தெருவில், மண்ணில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். காலனிப் பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போன ஊர்களும் இருந்தன. டிவி என்றால் உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த மேடையிலிருந்தே நமக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நூறு பேர் பார்க்க வேண்டிய டிவிக்கு அந்த உயரம் நியாயம். பின்வரிசையில் இருப்பவனுக்கு முன்வரிசைத் தலை மறைக்கக் கூடாது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. கேபிள் ஒயர் தெருத்தெருவாக ஓடியது. பிறகு 2006. அந்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 14 அங்குலப் பெட்டியைக் குடிசைக்குள் கொண்டுவந்தது. 2011-ல் ஆட்சி மாறுவதற்குள் ஒன்றரைக் கோடி அளவுக்குக் குடும்பங்களுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. அது சரியா தவறா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் அப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சொன்னார்கள். அந்த விவாதத்தில் இரு பக்கமும் பேச நிறைய உண்டு. நான் கண்ணால் பார்த்தது ஒன்று: தெருவில் தள்ளி நின்று பார்த்த வீட்டுப் பிள்ளைகள், தங்கள் வீட்டில், தங்கள் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 47 சதவீத வீடுகளில்தான் டிவி இருந்தது. தமிழ்நாட்டில் அது 87 சதவீதம். அதே ஆண்டு செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது.

அந்த 14 அங்குலப் பெட்டியை யாரும் எங்கே வைப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், இல்லாவிட்டால் சுவரோரம் போட்ட கடப்பா கல், இல்லாவிட்டால் அரிசி மூட்டை அடுக்கும் பலகை. பத்து கிலோ கனம், பின்பக்கம் பெரிய முதுகு. எங்கே தட்டையாக இடம் இருந்ததோ அங்கே அது உட்கார்ந்தது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் 21 அங்குலத்துக்குப் போனார்கள். புது வீடு கட்டியபோது ஹால் சுவரில் சிமெண்ட் பலகை கொடுத்து ஷோகேஸ் கட்டினார்கள். மேல் தட்டில் பொம்மையும் பித்தளைக் குத்துவிளக்கும், நடுவில் டிவிக்கென்று அளந்து விட்ட பொந்து.

இன்றைய குழப்பம் அந்தப் பொந்தில்தான் ஆரம்பிக்கிறது. 21 அங்குல டப்பா டிவிக்காக விட்ட இடம் இரண்டு அடி, மிஞ்சினால் இரண்டேகால் அடி அகலம். இப்போது கடையில் கிடைக்கும் சின்ன டிவியான 32 அங்குலமே 71 சென்டிமீட்டர், அதாவது இரண்டேகால் அடிக்கு மேல். 43 அங்குலம் என்றால் 95 சென்டிமீட்டர், மூன்றடிக்கு மேல். திரையின் அளவை மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாகத்தான் சொல்கிறார்கள் என்பதால் அகலம் எவ்வளவு வரும் என்று வாங்கும்போது நமக்குத் தோன்றுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஷோகேஸில் நுழையாது என்று தெரிகிறது. அரூர் பக்கம் ஒரு வீட்டில் ஷோகேஸின் நடுத்தண்டை உளி வைத்து உடைத்திருந்தார்கள். மேல் தட்டைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்தத் தண்டுதான். இப்போது தட்டில் விரிசல் ஓடுகிறது, அதற்குக் கீழே புது டிவி.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் பக்கம் சின்ன டெம்போவில் ஏறி வந்ததில் பாதி 43-ம் அதற்கு மேலும்தான். ஷோகேஸ் கைவிட்ட வீடுகளில் மிச்சம் இருப்பது சுவர்.

கழுத்து

அம்மா கழுத்தைப் பற்றிச் சொன்னதை நான் முதலில் வயதின் புலம்பலாக எடுத்துக்கொண்டேன். அதற்காக இப்போதும் எனக்கு மனசு உறுத்துகிறது. தர்மபுரிக்காரன் அப்படி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. நம் பாறைகளின் வழியே இறங்கிய நீரில் பல இடங்களில் அதற்கு மேல் இருந்தது. அந்தத் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். பிறகு எலும்பு. முதுகுத்தண்டும் கழுத்தும் மூட்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும். குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடையை நெஞ்சில் வைக்க முடிகிறதா, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா என்று ஊர்ப்புறங்களில் சோதித்துப் பார்ப்பார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு ஜப்பானின் கடன் உதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் காவிரித் தண்ணீர் வந்தது. அதற்கு முந்திய ஐம்பது, அறுபது வருடம் போர்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்தவர்கள் இன்றைக்கும் நம் வீட்டில் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழாயில் நல்ல தண்ணீர் வந்ததால் இறுகிய கழுத்து இளகிவிடாது.

அம்மாவுக்கு இருப்பது அதுதான் என்று எந்த மருத்துவரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆனால் அவரால் வானத்தைப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மழை வருமா என்று பார்க்க உடம்பையே பின்னால் சாய்ப்பார்.

அன்று இரவு டேப்பை எடுத்து அளந்தேன். பாயில் உட்கார்ந்தால் அம்மாவின் கண் தரையிலிருந்து இரண்டேகால் அடி. நாங்கள் காட்டிய இடத்தில் மாட்டியிருந்தால் திரையின் மையம் ஐந்தரை அடியில் இருந்திருக்கும். மூன்றேகால் அடி வித்தியாசம். ஏழடி தள்ளி உட்காருகிறார் என்று வைத்துக்கொண்டால், மையத்தைப் பார்க்கவே 25 டிகிரி அண்ணாந்தாக வேண்டும். சாயந்தரம் ஆறரையிலிருந்து ஒன்பதரைவரை சீரியல். மூன்று மணி நேரம் அந்தக் கழுத்து அப்படியே நிற்க வேண்டும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டடியில் வரும்படி மாட்டினால், 43 அங்குலத்தில் மையம் மூன்றடிக்குள் வந்துவிடும். அப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியது 5 டிகிரிதான், கண்ணை உயர்த்தினாலே போதும்.

சோபாவில் உட்காருபவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். டிவியோடு வரும் வழிகாட்டித் தாளிலும், யூடியூப்பில் சொல்பவர்களின் கணக்கிலும் இருப்பது இந்தச் சோபாதான். அவர்கள் சொல்லும் உயரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் பாயில் உட்காருபவருக்கு ஓரடிக்கு மேல் தப்பிப்போகும். களி கிண்டித் தட்டில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது.

சில திரைகளில் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் நிறம் வெளுத்தும் தெரியும். அதனால்தான் உயரே மாட்டியே ஆக வேண்டிய இடத்தில் கீழ்நோக்கிச் சாய்க்கும் கிளாம்பு போடுகிறார்கள். அந்தச் சாய்வு நிறத்தைச் சரிசெய்யும். கழுத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

சுவரைத் தட்டிப் பார்

"டிவி கனமா, இல்லையான்னு கேக்கறாங்க. அது ஒரு கனமே இல்லீங்க. செவுரு என்ன செவுருன்னு யாரும் கேக்கறதில்ல" என்றார் காரிமங்கலம் பக்கத்து எலெக்ட்ரீஷியன் ஒருவர்.

அவர் சொன்னது உண்மை. இன்றைய 43 அங்குல டிவி எட்டு, ஒன்பது கிலோதான். பழைய 21 அங்குல டப்பா இருபது கிலோவைத் தாண்டும். ஒன்பது கிலோவைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பாரம் பெரும்பாலும் நேர் கீழேதான் இழுக்கும். மேல் ஸ்க்ரூவை வெளியே பிடுங்கும் இழுப்பு இரண்டு, மூன்று கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் இப்போது கை மாதிரி நீண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பும் கிளாம்பை ஆசைப்பட்டு வாங்குகிறோம். அதை ஒன்றேகால் அடி வெளியே இழுத்துவிட்டால், மேல் ஸ்க்ரூக்களும் கீழ் ஸ்க்ரூக்களும் அரை அடி இடைவெளியில் இருக்கும் கிளாம்பில், அதே ஒன்பது கிலோ டிவி மேல் ஸ்க்ரூக்களை இருபது கிலோவுக்கு மேல் வெளியே பிடுங்குகிறது. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கழி நீள நீள இழுப்பு கூடும்.

இனி சுவர். நம் மாவட்டத்தில் சுவர் என்பது ஒரே பொருள் அல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருந்தால் கவலை இல்லை. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இரண்டு அங்குலமாவது இறங்கும்படி துளை போட்டு, நைலான் பிளக் அடித்து ஸ்க்ரூ ஏற்றினால் டிவியின் ஆயுள்வரை நிற்கும். துளை செங்கல்லில் விழ வேண்டும். இரண்டு செங்கல்லுக்கு இடையில் இருக்கும் கலவையில் விழுந்தால் நாளடைவில் தூளாகி உதிரும். டிரில்லில் இருந்து வரும் தூள் சிவப்பா, சாம்பலா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரிலும் மாட்டலாம், ஒட்டி நிற்கும் கிளாம்பாக இருந்தால்.

பின்பக்கம் குளியலறை இருக்கும் சுவரை மட்டும் தொட வேண்டாம். ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூத்துக் காரை பெயர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் பிளக் கையோடு வரும்.

ஹாலோபிளாக்தான் பெரிய சிக்கல். கடந்த இருபது வருடமாகக் கிராமங்களில் எழுந்த வீடுகளில் அதிகமாகப் பார்ப்பது அதைத்தான். செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பெயரிலேயே சொல்லியிருக்கிறதுபோல உள்ளே பொந்து. வெளி ஓடு ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம்தான் இருக்கும். சாதாரணப் பிளக் அந்த ஓட்டைத் தாண்டிப் போய் வெற்றிடத்தில் நிற்கும். ஸ்க்ரூ இறுகுவதுபோலத் தோன்றும், உண்மையில் எதையும் பிடித்திருக்காது. டிரில்லை அடிக்கும் முறையில் வைத்து ஓட்டினால் ஓட்டின் உள்பக்கம் சில்லுசில்லாகப் பெயர்ந்து போய், இருக்கிற பிடியும் போய்விடும்.

என் சித்தப்பா வீட்டில் அதுதான் நடந்தது. மாட்டி இரண்டு மாதம். பின்னிரவில் ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் 50 அங்குல டிவி முகம் குப்புறத் தரையில். கிளாம்பு, ஸ்க்ரூ, பிளக் எல்லாம் ஒன்றாக வந்திருந்தன. சுவரில் நான்கு பள்ளம். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் பகலில் பேரனைத் தூங்கப் போடுவார்கள். இரவாக இருந்ததால் குழந்தை அம்மாவோடு உள்ளறையில் இருந்தது. சித்தப்பா பணத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த இடத்தைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார்.

ஹாலோபிளாக் சுவரில் மாட்டவே கூடாது என்று சொல்லவில்லை. முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். பொந்துக்குள் போய் விரிந்து முடிச்சுப்போல நிற்கும் பிளக் கிடைக்கிறது, சின்ன டிவிக்கு அது போதும். சுவரின் மறுபக்கம் போல்ட்டை ஊடுருவவிட்டு இரும்புத் தகடு கொடுத்து முறுக்கலாம், வெளியே தெரியும், ஆனால் உறுதி. இன்னொரு வழியை எங்கள் ஊர் மேஸ்திரி சொன்னார். கிளாம்பு வரும் இடத்தில் மட்டும் கல்லின் முகத்தைத் திறந்து, பொந்துக்குள் சின்ன ஜல்லிக் கலவையை இடித்து நிரப்பி, பூசி, ஏழு நாள் தண்ணீர் விட்டுக் காயவைத்துவிட்டால் அந்த இடம் பாறை மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். ஏழு நாள் காத்திருக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை என்றார். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே இதைச் செய்துவிட்டால் ஒரு சட்டிக் கலவையோடு முடிகிற வேலை.

மண் சுவரும், மண் சாந்து வைத்து அடுக்கிய கல் சுவரும் பென்னாகரம் பக்கமெல்லாம் இன்னும் நிற்கின்றன. வெயிலில் குளிர்ச்சியாக இருக்கும், அருமையான வீடுகள். அவற்றில் துளை போட வேண்டாம். மண் பிளக்கைப் பிடிக்காது. கல்லுக்கு நடுவில் டிரில் அதிர்ந்தால் பக்கத்துக் கல்லின் சாந்தும் உதிரும். கரையான் வழி கண்டுபிடிக்க அந்த ஒரு துளை போதும். நல்ல கனமான மரப் பெஞ்சு ஒன்றைச் சுவரோரம் போட்டு அதன்மேல் டிவியை நிறுத்தினால் போதுமானது.

அரசுத் திட்ட வீடுகளில் சுவரைவிட இடம்தான் கேள்வி. 2011-ல் தொடங்கிய பசுமை வீடு 300 சதுர அடி. அதற்குள்ளேயே முன்னறை, படுக்கையறை, சமையலறை, கழிவறை, தாழ்வாரம் எல்லாம். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. பகலில் உட்காரும் முன்னறையில் இரவில் நான்கு பேர் படுக்கிறார்கள். அங்கே ஒரு மேஜை பிடிக்கும் இரண்டடி என்பது ஒரு குழந்தை படுக்கும் இடம். அந்த வீடுகளில் சுவரில் மாட்டுவதுதான் நியாயம் என்று நானே சொல்வேன். 43 அங்குலத் திரைக்கு ஐந்தரை அடியிலிருந்து ஒன்பது அடிவரை தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்கு இதம் என்பார்கள். பத்தடி அறைக்கு அது போதும், அதற்கு மேல் பெரிய திரை எதற்கு?

சிறு குழந்தை உள்ள வீட்டில் மேஜைமேல் இருக்கும் டிவியும் ஆபத்துதான். இன்றைய டிவிக்கு இரண்டு ஓரத்திலும் குச்சிபோல இரண்டு கால். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை விளிம்பைப் பிடித்து இழுத்தால் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். அமெரிக்காவில் டிவியும் அலமாரியும் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறப்பது தொடர்ந்ததால், அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் அவற்றைச் சுவரோடு கட்டிவைக்கச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கியது. டிவியின் முதுகில் கிளாம்புக்கென்று இருக்கும் நான்கு துளைகளில் இரண்டில் பட்டை கோத்து, பெஞ்சோடு இறுக்கிக் கட்டிவிட்டால் இந்தப் பயம் இல்லை. அந்தத் துளைக்கு உரிய நீளத்தைவிட நீண்ட ஸ்க்ரூவை ஏற்றக் கூடாது, உள்ளே போய்த் திரையையே குத்திவிடும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்காமல் துளை போடாதீர்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் அறை எடுத்திருக்கும் நம் பிள்ளைகள் இதற்காகவே அட்வான்ஸில் கை வைக்கப்பட்ட கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இடி இடிக்கும்போது

மாட்டும்போது யாரும் யோசிக்காத ஒன்று பிளக் பாயிண்ட். ஒயர் தெரியக் கூடாது என்று பிளக் பாயிண்ட்டை டிவியின் முதுகுக்குப் பின்னால் வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மாலை நேரத்துக் கோடை மழை எப்படி வரும் என்று தெரியும். மூன்றரை மணிவரை வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு மலைப் பக்கம் கறுத்து, மழைக்கு முன்னால் இடி வந்துவிடும். அப்போது டிவியை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும், மின்னலின் வீச்சு இரண்டு வழியிலும் வரும். சுவரோடு ஒட்டிய டிவிக்குப் பின்னால் ஒளிந்த பிளக்கை வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதுப் பெண்மணி எப்படிப் பிடுங்குவார்? நல்லம்பள்ளி பக்கம் ஒரு வீட்டில் ஒரே மழையில் டிவியும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து போயின. பிளக்கை எட்ட முடியாமல் மருமகள் வயலில் இருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிவிக்குப் பக்கவாட்டில், உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எட்டும் இடத்தில் சுவிட்சும் பிளக்கும் இருக்கட்டும். ஒயர் ஒரு சாண் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்? துளை போடும் முன் சுவருக்குள் ஒயர்க்குழாய் எங்கே ஓடுகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே செங்குத்தாகப் போகும். அந்தக் கோட்டில் டிரில் இறங்கினால் டிவியோடு போகாது, ஆளுக்கே ஆபத்து.

மூலையில் நின்ற எங்கள் டிவிக்குத் திரும்பி வருகிறேன். எங்கள் வீட்டுச் சுவர் ஹாலோபிளாக். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கலவை நிரப்பச் சொன்னோம். அதற்கு முன்னால் இடம் முடிவாக வேண்டுமே. தினத்தந்தித் தாள்களை ஒட்டி, 95 சென்டிமீட்டர் அகலம், 54 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அப்பா படம் அதே சுவரில்தான் இருக்கிறது, ஆறடிக்கு மேலே, சின்னச் சிவப்பு பல்போடு. முதலில் ஐந்தரை அடியில் மாட்ட நினைத்தபோது அந்தப் படத்தை எங்கே மாற்றுவது என்று தம்பி மனைவி கேட்டிருந்தார். அம்மா அப்போது எதுவும் சொல்லவில்லை. இப்போது காகிதம் கீழே இறங்கிவிட்டதால் படத்தைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

நான்கு நாள் அந்தக் காகிதம் சுவரில் இருந்தது. அம்மா தினமும் சாயந்தரம் பாயைப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தார், கடலை உடைத்தார். இரண்டாம் நாள் நான் திரும்பி வந்தபோது காகிதம் ஒரு சாண் இறங்கியிருந்தது. யாரையும் கேட்காமல் அவரே பிரித்து ஒட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் சன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுவதைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் அரை அடி தள்ளச் சொன்னார். நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டு பார்த்தபோது அந்த வெளிச்சம் எங்கள் கண்ணில் படவே இல்லை.

கலவை காய்ந்த பிறகு, முன்பு டிவி மாட்ட வந்த அதே தம்பியைக் காசு கொடுத்துக் கூப்பிட்டோம். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ரசமட்டத்தை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு, நான் சொல்லாமலே அம்மா பக்கத்தில் பாய் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இங்க சரியா இருக்குங்களாம்மா?"

அம்மா முதுகை நேராக்கி, முறத்தை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார். இடி வந்தால் பிடுங்க வேண்டிய பிளக்கை ஒருமுறை நகர்ந்துபோய்க் கை நீட்டித் தொட்டும் பார்த்தார்.

"இன்னும் நாலு வெரக்கடை எறக்குப்பா" என்றார்.

மாட்ட வந்தவர் எழுந்து போய்க் கோட்டைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, நாலு விரலை வைத்து அளந்து, கீழே புதிதாக ஒரு கோடு போட்டார்.